மலர்க்கூடையில் ஐவகை உயிர்கள்





விடியற்காலையில் ஜினாலயத்தின் வாயிலில் வந்து இறங்கும் மலர்க்கூடையை நாம் அனைவரும் அறிவோம். ஈரத் துணியால் மூடிய அக்கூடையை உபாத்தியாயர் வாங்கித் திண்ணையில் வைப்பார். மலர்களை ஒரு தாம்பாளத்தில் பரப்புவார். எறும்போ சிறு வண்டோ உள்ளே ஒளிந்திருப்பின் மெல்லத் தட்டி, அதற்கு வழிவிட்டு, அது அகன்ற பின்னரே மலரைக் கருவறைக்கு எடுத்துச் செல்வார். இது நம் முன்னோர் நமக்குப் பழக்கிய பழக்கம். சிறு குழந்தைகளும் இதனைக் கண்டே கொல்லாமையைக் கற்றுக்கொள்கின்றனர்.

இம்முறை நாம் சிந்திக்க விழைவது, அக்கூடை திண்ணைக்கு வந்த பின் நிகழ்வதைப் பற்றியன்று. அது திண்ணைக்கு வந்து சேரும்வரை நிகழ்வதைப் பற்றியே. நம் இல்லங்களில் மலரின்றி மங்கலம் இல்லை. திருமணம், சீமந்தம், உபநயனம், புதுமனை புகுதல், ஜினாலயத்துப் பஞ்சகல்யாணம், தேர்த்திருநாள் ஆகிய அனைத்திலும் மலரே முன்நிற்கிறது. இறுதிப் பயணத்திலும் அதுவே உடன்வருகிறது. ஆயினும், நாள் குறித்தவுடன் தெருமுனைப் பூக்கடைக்குச் சென்றோ, தொலைபேசியில் அழைத்தோ, இத்தனை மாலை, இத்தனை முழம் சரம், மேடைக்கு இன்ன அலங்காரம் என்று நாம் சொல்கின்ற அந்த நொடியில், நாம் சமணராக நின்று சொல்கிறோமா? இக்கேள்வியை நம்மில் எத்தனை பேர் நம்மையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்?

மலரை வெறுத்த சமயமன்று நம் சமயம். ஆறாம் தீர்த்தங்கரராகிய பத்மப்பிரபருக்குச் செந்தாமரை இலாஞ்சனை. இருபத்தோராம் தீர்த்தங்கரராகிய நமிநாதருக்கு நீலோற்பலம் இலாஞ்சனை. ஒன்பதாமவர் திருப்பெயரே புஷ்பதந்தர். அருகப் பெருமானுக்குரிய எட்டு மாப்பிராதிஹாரியங்களுள் வானோர் பொழியும் மலர்மாரியும் ஒன்று. பெருமான் நடக்குமிடத்தில் தேவர்கள் தாமரை மலர்களை அமைத்தனர் என்பது நம் ஆகம மரபு. மலர்மேல் நடந்த இறைவனைத் திருக்குறளின் முதல் அதிகாரமும் போற்றுகிறது. நம் காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் 14ஆம் நூற்றாண்டில் சங்கீத மண்டபம் எழுப்பிய விசயநகர அமைச்சர் இருகப்பரின் குருவுக்கும் புஷ்பசேனர் என்றே பெயர். இவ்வாறு மலர் நம் வழிபாட்டிலும் வரலாற்றிலும் மணந்துகொண்டே இருக்கிறது.

எட்டுவகை அர்ச்சனையில் நீர், சந்தனம், அட்சதை ஆகியவற்றின்பின் நான்காவதாக மலர் வருகிறது. மலரை நாம் எதன்பொருட்டு இடுகிறோம்? காமனுக்கு மலரே கணை என்பர். தாமரை, மாம்பூ, அசோகு, முல்லை, நீலம் என்னும் ஐந்தும் அவன் அம்புகள். அக்கணைகள் நம்மைத் தைக்காதிருக்க வேண்டும், ஆசை என்னும் நோய் நம்மை விட்டு நீங்க வேண்டும் என்னும் பாவனையோடுதான் மலரை வெற்றி கொண்ட பெருமானின் திருவடியில் மலரை வைக்கிறோம். ஆசையை அறுக்க இடும் மலரையே ஆசைக்கும் ஆடம்பரத்துக்கும் கருவியாக்கினால், அந்த அர்ச்சனையின் பொருள் என்ன ஆகும்?

வடநாட்டுத் திகம்பரருள் தேராபந்த மரபினர் மலர் இடுவதில்லை. அதற்குப் பதிலாக வண்ணம் தோய்த்த அரிசியையே மலராகப் பாவித்து இடுகின்றனர். நம் தமிழ்நாட்டு மரபில் மலர் வழிபாடு தொன்றுதொட்டு நின்று நிலவுகிறது. இவற்றுள் எது சரி என்று வழக்காட நாம் வரவில்லை. அவர்கள் மலரின் உயிரை நினைத்து நின்றனர். நம்மவர் பக்தியின் உருக்கத்தை நினைத்து இட்டனர். இரண்டையும் அனேகாந்தப் பார்வையோடு ஏற்போம். ஆனால் மலரை இடுகின்ற நமக்கு, இடாதவரைக் காட்டிலும் ஒரு பொறுப்பு மிகுதியாக உண்டு. எடுத்த உயிருக்கு நாம் கணக்குச் சொல்ல வேண்டும்.

அக்கணக்கு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் உயிர்களை அறிவின் படிகளாக வகுத்துக் காட்டினார். நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்டவை ஊறு ஒன்றே உடைய ஓரறிவுயிர்கள். புழு ஈரறிவுயிர். எறும்பு மூவறிவுயிர். வண்டு நாலறிவுயிர். மனிதன் ஐயறிவுயிர். சிறுவயதில் நாம் மனப்பாடம் செய்த இந்த ஐந்து படிகளும் ஒரே இடத்தில் வந்து கூடுவதைக் காண வேண்டுமாயின், வேறெங்கும் செல்ல வேண்டா. நம் மலர்க்கூடையைப் பார்த்தால் போதும்.

முதற்படி, மலர். அது ஓரறிவுயிரின் உறுப்பு. கதிரவன் எழுமுன்னர், மொட்டாக இருக்கும்போதே மல்லிகையைக் கொய்துவிடுகின்றனர். ஒரு கிலோ மல்லிகையில் ஆயிரக்கணக்கான மொட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு கை தனித்தனியே கிள்ளி எடுத்தது. மாலையில் மலர வேண்டிய அம்மொட்டு, செடியில் மலராமல் நம் மண்டபத்தில் மலர்கிறது.

இரண்டாம்படி, புழு. மல்லிகைத் தோட்டத்தை அறிந்தவர்க்கு மொட்டுப்புழு என்றால் என்னவென்று தெரியும். அது மொட்டைத் துளைத்து உள்ளே இருந்து தின்னும். மொட்டு ஈயும் செம்பேன் சிலந்தியும் வேறு தொல்லைகள். துளை விழுந்த மொட்டைச் சந்தையில் விலை கேட்பாரில்லை. ஆகவே உழவர் மீண்டும் மீண்டும் மருந்து தெளிக்கிறார். அவர் கொல்ல விரும்பித் தெளிக்கவில்லை. ஒரு புள்ளியும் இல்லாத வெண்மையை நாம் கேட்கிறோம், ஆகவே தெளிக்கிறார். கூடையில் வந்த ஓர் எறும்பைக் காத்த நாம், தோட்டத்தில் மடிந்த எண்ணற்ற புழுக்களை எண்ணிப் பார்த்ததில்லை.

மூன்றாம்படி எறும்பு, அதனை நாம் நன்கு அறிவோம். நான்காம்படி வண்டும் தேனீயும். அவை மலருக்கு ஊறு செய்யாமல் தேனை மட்டும் கொண்டு செல்பவை. அதனால்தான் நம் முனிவர்கள் இல்லறத்தாரை வருத்தாது உணவு ஏற்கும் முறைக்கு வண்டின் பெயரைச் சூட்டி, பிராமரி விருத்தி என்று வழங்கினர். துறவுக்கே உவமையான அவ்வுயிர், மருந்து தெளித்த மலரில் அமர்ந்து மடிகிறது.

ஐந்தாம்படியில் இருப்பவர் யார்? மலரைக் கொய்தவர், சுமந்தவர், தொடுத்தவர், விற்றவர். நம் தெருமுனையில் பலகை போட்டு அமர்ந்திருக்கும் பூக்காரர் அவர். வாழைநாரை நீரில் நனைத்து, கண்ணால் பாராமலே விரல்களால் சரம் தொடுக்கும் அந்தப் பெண்மணி அவர். நமக்கு இணையான ஐந்தறிவும் மனமும் படைத்த உயிர். வியப்பு யாதெனில், எறும்பைக் காணும் நம் கண்ணுக்கு, அக்கூடையைச் சுமந்து வந்த கை மட்டும் தெரிவதில்லை.

இல்லறத்தார் மேற்கொள்ளும் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் எடுத்துரைக்கிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவற்றை நாம் மாட்டுக்கும் குதிரைக்கும் உரியனவாகவே எண்ணிவிட்டோம். வீட்டில் மாடு இல்லாதவர், இக்குற்றங்கள் தம்மை அணுகா என்று அமைதி கொள்கின்றனர். அன்பர்களே, சற்றே நின்று எண்ணுங்கள்.

நாளைக் காலை முகூர்த்தம் என்னும் நிலையில் இன்று பொழுது சாய்ந்த பின், "இன்னும் பத்து மாலை வேண்டும்" என்று பூக்காரரிடம் சொல்வது மிகைப்பாரம் ஏற்றுதல் அன்றோ? விடியற்காலை முகூர்த்தம் எனில் அவர் குடும்பமே இரவெல்லாம் விழித்துத் தொடுக்க வேண்டும். இரவில் உண்ணலாகாது என்னும் நோன்பைப் போற்றும் நாம், நம் மங்கலத்தின்பொருட்டு ஒரு குடும்பத்தை இரவு முழுதும் உறங்கவிடாமல் வைக்கிறோம்.

கொடுக்க வேண்டிய பணத்தை, "விருந்தினர் போகட்டும், மொய்க்கணக்கு முடியட்டும்" என்று ஒத்திப்போடுவது உணவும் நீரும் தடுத்தல் அன்றோ? பூ வணிகத்தின் இயல்பை அறிந்தால் இதன் கொடுமை விளங்கும். அரிசி வணிகர் இன்று விற்காததை நாளை விற்கலாம். துணி வணிகர் அடுத்த ஆண்டும் விற்கலாம். பூக்காரரின் சரக்குக்கு ஒருநாள் வாழ்வு. விடியலில் சந்தையில் ரொக்கம் கொடுத்து வாங்கியது அந்தியில் வாடிவிடும். மார்கழி, தைப் பனியில் மல்லிகை விளைச்சல் குன்றுகிறது. முகூர்த்தங்கள் நெருங்கும் நாட்களில் கிலோ விலை ஆயிரக்கணக்கில் ஏறிவிடுகிறது. கோடையில் விளைச்சல் பெருகும்போது விலை விழுந்துவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் தாங்கும் தோள், பெரும்பாலும் நாள்தோறும் தண்டல் கட்டிக் கடன் அடைக்கும் தோளாகும். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்து திருமணங்களும் திருவிழாக்களும் நின்றபோது, பறிப்பாரும் வாங்குவாரும் இன்றி மலர்கள் செடியிலேயே உதிர்ந்ததை நாடே கண்டது. அவ்வளவு மெல்லிய நூலில் தொங்குவது அவர்கள் பிழைப்பு.

நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், தைத் திங்களில் ஒரு திருமணம் நிச்சயமாகியிருந்தது. நாள்தோறும் ஜினாலயத்துக்குக் கூடை கொண்டுவரும் பூக்காரப் பெண்மணியிடமே பெண் வீட்டார் மாலைகளும் சரங்களும் சொல்லியிருந்தனர். கால்பங்கு முன்பணமும் கொடுத்திருந்தனர். முகூர்த்தத்துக்கு முதல்நாள் அந்தியில் மணமகன் வீட்டில் எதிர்பாராது ஒரு மறைவு நேர்ந்தது. திருமணம் தள்ளிவைக்கப்பட்டது. அன்று விடியலிலேயே கடன் வாங்கிச் சந்தையில் மலர் எடுத்துவிட்ட அப்பெண்மணியின் வீட்டுத் திண்ணையில், தொடுத்த சரங்கள் குவியலாய்க் கிடந்து வாடின. மீதிப் பணத்தைக் கேட்டு அவர் வந்தபோது, "ஒரு பூவைக்கூட நாங்கள் தொடவில்லையே, முன்பணத்தோடு கணக்கு முடிந்தது" என்று மணமகளின் தந்தையார் கூறிவிட்டார். அவர் தீயவர் அல்லர். தவறாமல் நோன்பு நோற்பவர். அவருடைய மனத்தில் அது ஒரு வணிகக் கணக்காகவே பட்டது.

பத்து நாட்கள் கழிந்தன. ஒருநாள் காலையில் அவருடைய தாயார், வழக்கம்போல ஜினாலயத் திண்ணையில் அமர்ந்து மலர்களில் எறும்பு பார்த்துக்கொண்டிருந்தார். கூடையை இறக்கிவிட்டு நின்ற பூக்காரப் பெண்மணி போகாமல் தயங்கினார்.

"அம்மா, ஓர் எறும்பு நசுங்கிடக் கூடாதுன்னு இவ்வளவு பக்குவமா எடுத்து விடுறீங்க. பத்து நாளா என் வீட்டு வாசல்ல தண்டல்காரர் வந்து நின்னு பேசிட்டுப் போறாரு. என் பிள்ளைங்க உள்ளே போய் ஒளிஞ்சுக்குது. அது உங்க யார் கண்ணுக்கும் தெரியலையேம்மா" என்றார்.

மூதாட்டியார் மறுமொழி சொல்லவில்லை. தாம்பாளத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குச் சென்றார். மகனை அழைத்து, "பூ நம்ம வீட்டுக்கு வராம போயிடுச்சு. கடன் அவ வீட்டுக்கு வந்துடுச்சேப்பா. அதைத் தீர்க்காம நான் எந்தக் கையால பகவானுக்குப் பூ போடறது?" என்று கேட்டார். மகன் சற்று நேரம் தலைகுனிந்து நின்றார். அன்று நண்பகலுக்குள் பணம் முழுவதும் சென்று சேர்ந்தது. அதன் பின்னரே அம்மூதாட்டியார் மீண்டும் நீராடி வந்து அர்ச்சனையை நிறைவு செய்தார். பங்குனியில் அத்திருமணம் நடைபெற்றபோது மேடையில் அலங்காரம் குறைவாகவே இருந்தது. பகற்பந்தியில் அப்பூக்காரப் பெண்மணியும் அவர் பிள்ளைகளும் உறவினரோடு அமர்ந்து உண்டனர்.

இந்நிகழ்ச்சியைக் கேட்டபோது சமந்தபத்திர ஆசாரியர் நினைவூட்டிய தவளையின் வரலாறு நம் உள்ளத்தில் எழுந்தது. காஞ்சியோடு தொடர்புடையவராக நாம் போற்றும் அப்பெருந்தகை இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைத் தழுவியே நம் அருங்கலச்செப்பு தமிழில் எழுந்தது. வழிபாட்டின் பெருமையைச் சொல்லப் புகுந்த ஆசாரியர், மன்னர்களையோ செல்வர்களையோ சான்றாகக் காட்டவில்லை. ஒற்றை மலரோடு சென்ற ஒரு தவளையையே காட்டினார்.

உரையாசிரியர் அதன் வரலாற்றை விரித்துரைப்பர். ராஜகிருக நகரில் நாகதத்தன் என்னும் வணிகன் இருந்தான். எப்போதும் வஞ்சகம் கலந்த ஒழுக்கமுடையவனாய் வாழ்ந்து இறந்து, தன் வீட்டு முற்றத்து வாவியிலேயே தவளையாய்ப் பிறந்தான். மாயை என்னும் வஞ்சகம் விலங்குப் பிறப்புக்கு ஏது என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் துணிபு. பின்னர் அத்தவளைக்குப் பழம்பிறப்பின் நினைவு வந்தது. அந்நகரின் மலையில் பகவான் மகாவீரரின் சமவசரணம் அமைந்தது. சிரேணிக மன்னன் யானை, சேனை சூழப் புறப்பட்டான். முரசொலி கேட்ட தவளையும், தான் வாழ்ந்த வாவியின் தாமரை ஒன்றைக் கவ்விக்கொண்டு, மகிழ்ச்சி மீதூரத் துள்ளித் துள்ளிச் சென்றது. வழியில் மன்னனின் யானைக் காலடியில் சிக்கி மாண்டது. மாண்ட அக்கணமே வானுலகில் தேவனாய்ப் பிறந்தது. மன்னன் சமவசரணத்தை அடையுமுன், முடியில் தவளைக் குறியோடு அத்தேவன் அங்கே வந்து பெருமானை வணங்கினான்.

இக்கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று அதனுள் இரண்டு செய்திகளைக் காண்போம். ஒன்று, கொடுக்கல் வாங்கலில் வஞ்சகம் செய்தவன் தவளையானான். மற்றொன்று, ஒரே ஒரு மலர் அத்தவளையைத் தேவனாக்கிற்று. அது வண்டி நிறைய மலர் கொண்டு செல்லவில்லை. அதன் வாய் கொண்டது ஒன்றே. பெருமானிடம் சென்று சேர்ந்தது மலரும் அன்று. அது வழியிலேயே நசுங்கிற்று. சென்று சேர்ந்தது மகிழ்ச்சியும் பக்தியும் கலந்த பாவனையே.

போளூரை அடுத்த திருமலையில் ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்தில் மலைப்பாறையிலேயே எழுந்து நிற்கும் நேமிநாதப் பெருமானை நினைத்துப் பாருங்கள். அத்திருமேனிக்குத் தோள்முதல் தாள்வரை மாலை சூட்டப் புகுந்தால் எத்தனை கூடை மலர் வேண்டும்? அங்கே நாம் நிமிர்ந்து நோக்கி, கண்ணீர் மல்கக் குனிந்து, திருவடியில் ஒரு மலரை வைக்கிறோம். அது குறைவு என்று எவருக்கேனும் தோன்றியதுண்டா?

அவ்வாறிருக்க, நம் திருமண மேடையில் மட்டும் ஒன்று ஏன் போதவில்லை? ஓசூர்ப் பகுதியின் பசுங்குடில்களில் விளைந்த ரோஜாவும் ஜெர்பராவும் கார்னேஷனும் வண்டிகளில் வந்து இறங்குகின்றன. மட்காத பச்சை நுரைக்கட்டிகளில் அவற்றைக் குத்தி நிறுத்துகின்றனர். சில மணி நேரம் புகைப்படத்துக்கு நின்றபின், அவை அனைத்தும் மண்டபத்தின் பின்புறம் குப்பைமேட்டில் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றேனும் அருகன் திருவடியைச் சேர்ந்ததா? ஒரு மங்கையின் கூந்தலையேனும் சேர்ந்ததா? பெரும்பாலானவை எவரும் நுகராமலே மடிகின்றன. அண்டை வீட்டாரின் மேடையைவிட நம் மேடை தாழ்ந்துவிடக் கூடாது என்னும் மானக் கஷாயத்துக்கே அவை பலியாயின.

சமந்தபத்திரர் இதற்கும் வழி கூறியிருக்கிறார். ஒருமுறை நுகர்ந்தவுடன் முடிந்துபோவது போகம். மீண்டும் மீண்டும் நுகரத்தக்கது உபபோகம். இவ்விரண்டுக்கும் அளவு வரைந்துகொள்வது இல்லறத்தாரின் விரதம். அவ்வாறு அளவு செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துகையில் உணவு, ஊர்தி, படுக்கை, நீராட்டு, பூச்சு ஆகியவற்றோடு மலரையும் அவர் சேர்த்தே கூறினார். இன்றைக்கு, இந்தப் பக்கத்துக்கு, இந்த மாதத்துக்கு, இந்தப் பருவத்துக்கு என்று காலம் குறித்து அளவிட்டுக்கொள்க என்றார். பயன் சிறிதாய் அழிவு பெரிதாய் உள்ளவற்றை விலக்குக என்று சொல்லி, வேப்பம்பூவையும் தாழம்பூவையும் பெயர் சுட்டியே விலக்கினார். பயன் சிறிது, அழிவு பெரிது என்னும் அந்தத் துலாக்கோலை நம் மண்டப மேடையின் முன் நிறுத்திப் பார்ப்போம். முள் எப்பக்கம் சாயும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழும். மலரைக் குறைத்தால் பூக்காரரின் பிழைப்பு என்னாவது? ஐந்தாம்படி உயிரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அவர் வருவாயைக் குறைக்கச் சொல்வது முறையா? இது நேர்மையான கேள்வி. இதனை ஒதுக்கிவிட்டுச் செல்லலாகாது.

பூக்காரருக்கு நாம் தரும் பணத்தில் மலரின் விலை ஒரு பகுதி. அவர் கைத்திறனின் விலை மற்றொரு பகுதி. நாம் பேரம் பேசும்போதெல்லாம் மலரின் விலை குறைவதில்லை. அது சந்தையிலேயே முடிந்துவிட்டது. குறைவது அவர் கைக்குரிய கூலியே. முழம் போடும்போது, "என் கையால் அளந்து கொடு" என்று நீண்ட கையை நீட்டுவதும், கொசுறு என்று கால் முழம் கேட்டுப் பிடுங்குவதும் கள்ளாமை விரதத்தின் குற்றங்களுள் ஒன்றாகிய அளவு பிறழ்தலின் பாற்படும். விற்பவர் குறைத்து அளப்பது மட்டுமா குற்றம்? வாங்குபவர் கூட்டி அளப்பதும் குற்றமே. பத்து மாலை சொல்லி ஒவ்வொன்றிலும் அவர் கூலியை அரிப்பதைக் காட்டிலும், இரண்டு மாலை சொல்லி அவர் கேட்ட கூலியைக் குறையாமல் கொடுப்பது அவருக்கும் நன்று, நமக்கும் நன்று, செடிக்கும் நன்று. மேலும், தொலைவிலிருந்து வரும் மேடை அலங்காரத்துக்குச் செல்லும் பெருந்தொகை நம் தெருவின் பூக்காரரைச் சேர்வதே இல்லை. ஆடம்பரத்தைக் குறைப்பதால் அவர் இழப்பது சிறிது; முறையாக நடத்தப்படுவதால் அவர் பெறுவது பெரிது.

ஆகவே, நம் இல்லங்களில் பின்வருவனவற்றை நோன்பாக ஏற்கலாம் என்று பணிவோடு வேண்டுகிறோம்.

எந்த மங்கலமாயினும் மலருக்கு ஓர் அளவை முன்னரே வரைந்து, குடும்பத்தார் அனைவரும் அறியச் சொல்லிவிடுவோம். மணமக்களுக்கு மாலை, பெருமானுக்கு அர்ச்சனை மலர், வரும் மகளிர்க்குச் சிறு சரம் என்ற அளவில் நிற்போம். மேடைக்கு வாழையும், மாவிலைத் தோரணமும், தென்னங்கீற்றும், கோலமும் போதும். நம் பாட்டன்மார் திருமணங்கள் அவற்றோடுதான் நிகழ்ந்தன.

பருவத்தில் விளையும் மலரையே கேட்போம். பனிக்காலத்தில் மல்லிகைதான் வேண்டும் என்று பிடிவாதம் செய்யாமல், அப்போது கிடைக்கும் சாமந்தியை ஏற்போம். ஒரு மொட்டில் புள்ளி இருந்தால் சரத்தையே தள்ளிவிடாதிருப்போம். வீட்டில் இடமுள்ளவர்கள் பவழமல்லி, மகிழம் போன்றவற்றை வளர்த்து, இரவில் மரத்தடியில் தூய துணி விரித்து, தாமே உதிரும் மலரை ஏந்திக்கொள்ளலாம். பறிக்காமலே கிடைத்த அம்மலர் அர்ச்சனைக்கு எவ்வளவு தூயது!

பூக்காரரிடம் நாளையும் அளவையும் பல நாட்களுக்கு முன்னரே சொல்லி, பாதிக்குக் குறையாமல் முன்பணம் கொடுப்போம். மீதியை மாலை கைக்கு வரும்போதே கொடுத்துவிடுவோம். மங்கலம் தள்ளிப்போனாலும் நின்றுபோனாலும், அவர் செலவிட்டதை நம் செலவாகவே ஏற்போம். மறைவு நேர்ந்த வீட்டிலும் இக்கணக்கை மறக்கலாகாது. துயரம் நம்முடையது, கடன் அவருடையது ஆகக் கூடாது.

இறுதி ஊர்வலத்தில் மலர்களைத் தெருவெங்கும் வாரி இறைத்துச் செல்லும் வழக்கத்தை நாம் கைவிடுவோம். மிதிபடும் மலரால் சென்ற உயிருக்கு ஆவது ஒன்றுமில்லை. உறவினர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாலை கொண்டுவருவதற்குப் பதிலாக, குடும்பத்தின் சார்பில் ஒன்று சாத்தி, எஞ்சிய தொகையை அறப்பணிக்கு அளிக்கலாம்.

வாடிய நிர்மாலியத்தைக் குளத்திலும் கிணற்றிலும் எறிந்து நீர்வாழ் உயிர்களை வருத்தாமல், மிதிபடாத நிழலில், செடியின் வேரடியில் சேர்ப்போம். மண்ணில் பிறந்தது மண்ணுக்கே உரமாகட்டும்.

இறுதியாக ஒன்று. நாள்தோறும் கூடை கொண்டுவருபவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாளைக் காலையில் எறும்பைப் பார்க்குமுன் அவர் முகத்தைப் பார்ப்போம். "சௌக்கியமா அம்மா? பாக்கி ஏதும் இருக்கிறதா?" என்று கேட்போம். பாக்கி இருந்தால் தீர்ப்போம். அதன்பின் தாம்பாளத்தை எடுத்து, வழக்கம்போல எறும்புக்கும் வண்டுக்கும் வழிவிடுவோம். ஐந்து படிகளிலும் உள்ள உயிர்களுக்கு இயன்ற அளவு தீங்கு நீக்கிய கையில் எஞ்சும் ஒரு மலர் போதும். தவளைக்குப் போதுமாயிருந்தது நமக்கும் போதும்.

எல்லா உயிரும் இன்புறுக! அறம் வெல்க!